வேலூர்க் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர்: சாமி வெளியே போனதும் திரும்பி வந்ததும்

வணக்கம். கோலாலம்பூரிலிருந்து குடும்பத்தோடு ஸ்ரீபுரம் பொற்கோயிலுக்குப் போகிறீர்கள், வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் பழைய சிவன் கோயிலையும் பார்க்க நினைக்கிறீர்கள். நீங்கள் கேட்டவை மூன்று. அந்தக் கோயில் சோழர் காலத்ததா? 400 ஆண்டு சாமி இல்லாமல் பூட்டிக் கிடந்தது என்கிறார்களே, அது மெய்யா? தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடத்தில் தினப் பூசை நடப்பது எப்படி? மூன்றும் ஒன்றோடொன்று பின்னியவை. கோட்டைக்குள் இருக்கும் கோயிலின் வரலாறு, கோட்டைக் கதவின் சாவி யார் இடுப்பில் இருந்தது என்பதன் வரலாறுதான். இதை மனத்தில் வைத்துக்கொண்டு படித்தால் மற்றவை தானாக விளங்கும்.

முதல் கேள்விக்கு நேரடியான பதில்: சோழர் காலக் கோயில் இல்லை. இன்று நாம் பார்க்கும் கோட்டையும் கோயிலும் 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. விஜயநகரப் பேரரசர் சதாசிவராயரின் கீழ் வேலூரை ஆண்ட சின்ன பொம்ம நாயக்கர் காலத்தில் எழுந்தவை. 13ஆம் நூற்றாண்டில் பத்ராசலம் பக்கமிருந்து வந்த பொம்மி ரெட்டி என்பவர் கட்டினார் என்று ஒரு பழங்கதை உண்டு. பழைய நூல்கள் சில அதை அப்படியே எடுத்து எழுதியும் வைத்தன. கற்கள் அந்தக் கதையை ஒப்புக்கொள்ளவில்லை. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

கல்வெட்டுகள் தரும் ஆண்டு 1566. வேலூரைச் சுற்றியுள்ள சிற்றூர்களில், சதாசிவராயர் ஆட்சியில் இந்தக் கோயிலுக்கு நிலங்கள் கொடையாகத் தரப்பட்டதைச் சொல்லும் கல்வெட்டுகள் இருக்கின்றன. சின்ன பொம்ம நாயக்கரின் பெயரும் அவற்றில் வருகிறது. அந்த ஆண்டைக் கொஞ்சம் நின்று கவனியுங்கள். 1565 சனவரியில் தலைக்கோட்டைப் போரில் விஜயநகரம் வீழ்ந்தது. தலைநகரம் ஹம்பி சூறையாடப்பட்டது. அதற்கு அடுத்த ஆண்டே, வடக்கே பேரரசு எரிந்துகொண்டிருந்தபோது, இங்கே ஒரு நாயக்கர் சிவன் கோயிலுக்கு ஊர்களை எழுதிவைக்கிறார். அகழியும் மதிலும் சூழ்ந்த இடத்தில் இறைவனைக் குடிவைத்ததை அந்தக் காலத்து அச்சத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம்.

அதே கல்வெட்டுகளில் இன்னொரு வியப்பும் இருக்கிறது. அவற்றில் இறைவன் பெயர் ஜலகண்டேஸ்வரர் இல்லை; ஜ்வரகண்டேஸ்வரர். ஜ்வரம் என்றால் காய்ச்சல், கண்டம் என்றால் துண்டிப்பது: காய்ச்சலைத் துண்டிக்கும் ஈசன். மக்கள் நாவில் ‘ஜ்வர’ தேய்ந்து ‘ஜல’ ஆகிவிட்டது. பிறகு அந்தப் புதிய பெயருக்குப் பொருத்தமாக, நீர் சூழ்ந்த புற்றில் லிங்கம் இருந்தது என்ற தலபுராணம் ஊரில் நிலைத்தது. அகழி சூழ்ந்த கோட்டையில் அந்தக் கதை எளிதில் ஒட்டிக்கொண்டதில் வியப்பில்லை. பினாங்குக்காரர்களுக்கு இதில் ஒரு நினைவு வரலாம்: ஜார்ஜ் டவுனில் கார்ன்வாலிஸ் கோட்டையைச் சுற்றியிருந்த அகழியை 1920களில் மலேரியாவுக்கு அஞ்சித்தான் மண்ணடித்து மூடினார்கள்.

சின்ன பொம்ம நாயக்கர் வெறும் படைத்தலைவர் இல்லை. பெரும் சைவ அறிஞர் அப்பய்ய தீட்சிதரை ஆதரித்தவர் அவர். தீட்சிதர் பிறந்த ஊரான அடையபலத்தில், காளகண்டேஸ்வரர் கோயிலில் 1582ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. தீட்சிதருக்குப் பொம்ம நாயக்கர் பொன்னால் அபிஷேகம் செய்ததையும், தீட்சிதர் தம் சிவார்க்கமணி தீபிகை என்ற நூலை 500 அறிஞர்களுக்குப் பாடம் சொன்னதையும் அது குறிக்கிறது. அதாவது 1560களிலிருந்து 1580கள் வரை வேலூர் சைவக் கல்வி செழித்த ஊர். கோட்டைக் கோயில் வாழ்ந்த காலமும் அதுதான்.

இனி கற்கள் சொல்வதைக் கேட்போம். கோயிலுக்குள் நுழைந்ததும் தூணின் உச்சியில், உத்தரத்தைத் தாங்கும் போதிகையை அண்ணாந்து பாருங்கள். பல்லவர் போதிகையில் அலை அலையாக வரி இருக்கும். சோழர் போதிகை சாய்வாக வெட்டப்பட்டு நடுவில் ஒரு துண்டு முன்னே நீளும். விஜயநகரக் காலத்தில் அது வாழைப்பூவைப் போல மொட்டாகக் கீழ்நோக்கித் தொங்கத் தொடங்கியது. இதைப் புஷ்பப் போதிகை என்பார்கள். வேலூரில் நீங்கள் காண்பது இந்தத் தொங்கு மொட்டுதான். 13ஆம் நூற்றாண்டுக் கட்டடமாக இருந்தால் இந்த அளவுக்கு முதிர்ந்த மொட்டு வராது. பொம்மி ரெட்டி கதையை நான் ஏற்காததற்கு இதுவே முதற்காரணம்.

இரண்டாவது அடையாளம், தூண்களோடு ஒட்டிப் பிறந்த சிற்பங்கள். நடுத்தூணோடு சிறு தூண்களும், பாயும் குதிரையும், யாளியும் ஒரே கல்லில் சேர்ந்து நிற்கும். சிறு தூண்கள் ஒட்டியிருப்பதை அணியொட்டிக்கால் என்பார்கள். ஸ்ரீரங்கத்தின் சேஷராயர் மண்டபத்துக் குதிரைகளைப் பார்த்தவர்களுக்கு வேலூர் உடனே பிடிபடும். அதே குடும்பம், அதே நூற்றாண்டு. வேலூருக்கு மேற்கே சுமார் 15 கி.மீ. தொலைவில் விரிஞ்சிபுரம் மார்க்கபந்தீஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்திலும் இந்தக் கைவேலையைக் காணலாம். ‘திருவாரூர்த் தேரழகு, விரிஞ்சிபுரம் மதிலழகு’ என்ற பழமொழியில் வரும் விரிஞ்சிபுரம் அதுதான். நேரம் இருந்தால் விடாதீர்கள்.

கோட்டைக் கோயிலின் சிகரம் என்று நான் சொல்வது கல்யாண மண்டபத்தைத்தான். கோபுர வாசலைத் தாண்டி உள்ளே போனதும் இடப்பக்கம், வெளிப்பிராகாரத்தின் தென்மேற்கு மூலையில் இருக்கிறது. பலர் நேராகக் கருவறைக்கு விரைந்து, திரும்பும்போது நேரமாகிவிட்டது என்று இதை விட்டுவிடுகிறார்கள். முதலில் இங்கே அரைமணி நேரம் நில்லுங்கள். முன்வரிசைத் தூண்களில் குதிரைகளும் யாளிகளும் முன்னங்கால்களைத் தூக்கி நிற்கின்றன, முதுகில் வீரர்கள், அடியில் காலாட்கள். கருங்கல் மரத்தைப் போல வளைந்து கொடுக்காது. குதிரையின் கால், வீரனின் வாள், கடிவாளம் என்று தனித்து நிற்கும் ஒவ்வொரு மெல்லிய பகுதியும் உளி தவறினால் ஒடிந்துபோகும்; ஒடிந்ததை ஒட்ட வழியில்லை. அதனால் முழுத்தூணும் வீணாகும். அந்த ஆபத்தோடுதான் சிற்பிகள் ஒரே கல்லில் இத்தனையையும் குடைந்து எடுத்தார்கள்.

குழந்தைகள் உடன் வந்தால் காட்ட வேண்டிய சிற்பம் ஒன்று உண்டு: ரிஷப குஞ்சரம். காளைக்கும் யானைக்கும் ஒரே தலை. காளையின் உடலைக் கையால் மறைத்தால் யானை தெரியும்; யானையின் உடலை மறைத்தால் காளை தெரியும். தாராசுரத்திலும் இது இருக்கிறது. பிறகு விதானத்தைப் பாருங்கள். விரிந்த தாமரையைச் சுற்றிக் கிளிகள் தலைகீழாகத் தொங்கி அதைக் கொத்துவதுபோல் செதுக்கியிருக்கிறார்கள். உள்ளே வெளிச்சம் குறைவு. கைப்பேசி விளக்கைச் சாய்வாக, பக்கவாட்டில் பிடித்தால் நிழல் விழுந்து கிளிகள் எழுந்து வரும். நேராக அடித்தால் எல்லாம் தட்டையாகிவிடும்.

மண்டபத்தின் விளிம்பில் நீண்டு வளைந்து இறங்கும் கல் கூரைக்குக் கொடுங்கை என்று பெயர். அதன் அடிப்பக்கத்தில் மரச்சட்டங்களைப் போலவே கல்லில் வரி எடுத்திருப்பார்கள். மழை தூணில் படாமல் தள்ளி விழச் செய்வதே அதன் வேலை. வெறும் அலங்காரம் என்று எண்ணிவிடாதீர்கள். அது இல்லாத மண்டபங்களில் முன்வரிசைச் சிற்பங்கள் எவ்வளவு சீக்கிரம் கறுத்து, பாசி பிடித்து முகம் இழக்கின்றன என்பதைத் தமிழகம் முழுக்கக் காணலாம்.

ராஜகோபுரம் ஏழு நிலை, சுமார் 100 அடி. தெற்கு நோக்கியது, கருவறை லிங்கமோ கிழக்கு நோக்கியது. கோபுரத்தின் அடிப்பகுதி கருங்கல். மேலே செங்கல்லும் சுதையும். தமிழகக் கோபுரங்கள் பெரும்பாலானவற்றுக்குப் பொதுவான முறை இது. மேலே ஏற ஏற எடை குறைய வேண்டும் என்பதற்காகத்தான். ஆனால் செங்கல் இருக்கும் இடத்தில் ஆலும் அரசும் வேர்விடும். பறவை எச்சத்தோடு விதை வரும், விரிசலில் மழைநீர் நிற்கும், வேர் சுண்ணாம்புக் காரையைப் பிளக்கும். பூசை உள்ள கோயிலில் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை குடமுழுக்குக்காகச் சாரம் கட்டும்போது அந்தச் செடிகளைக் களைந்துவிடுவார்கள். பூசை நின்றால் கோபுரமும் சாகத் தொடங்குவது இதனால்தான்.

இப்போது இரண்டாவது கேள்விக்கு வருவோம். ‘அரசன் இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு’ என்று வேலூரைப் பற்றி ஊரார் சொல்லும் சொலவடை உங்கள் காதிலும் விழும். ஆறு என்பது பாலாறு. சாமி இல்லாத கோயில் இதுதான். ‘400 ஆண்டு பூசை இல்லை’ என்ற பேச்சும் அங்கிருந்து கிளம்பியதுதான். ஒரு சிறு கணக்குப் போடுங்கள். கொடைக் கல்வெட்டு 1566. லிங்கம் திரும்ப வைக்கப்பட்டது 1981. இடையே 415 ஆண்டு. 400 ஆண்டு பூசை இல்லை என்றால், கோயில் வெறும் பதினைந்து ஆண்டுதான் வாழ்ந்தது என்று ஆகிவிடும். 1582இல் தீட்சிதருக்குப் பொன்னபிஷேகம் செய்த நாயக்கரின் சொந்தக் கோட்டைக் கோயில் அப்போதே மூடிக் கிடந்தது என்றால் யாரும் நம்பமாட்டார்கள். ஆகவே 400 என்பது வாய்க்கணக்கு. நீண்ட காலம் என்று பொருள் கொள்ளுங்கள். சாவி கைமாறிய வரிசையைப் பார்த்தால் உண்மையான இடைவெளி ஓரளவு தெரியும்.

1600களின் தொடக்கத்தில் விஜயநகர மன்னர் வேங்கடபதி ராயர், பொம்ம நாயக்கரின் மகன் லிங்கம நாயக்கரிடமிருந்து வேலூரைப் பிடித்துத் தன் அரசிருக்கையை இங்கே மாற்றிக்கொண்டார். பெனுகொண்டா, சந்திரகிரி, அடுத்து வேலூர் என்று பேரரசின் தலைநகரம் தெற்கே நகர்ந்த கதையின் கடைசிக் கட்டம் அது. 1614இல் வேங்கடபதி இறந்ததும் வாரிசுச் சண்டை வெடித்தது. அவருக்குப் பின் அரியணை ஏறிய ஸ்ரீரங்கரை, ஜக்கராயன் என்ற தளபதி குடும்பத்தோடு இந்தக் கோட்டைக்குள்ளேயே கொன்றான். ராமதேவன் என்ற ஒரு சிறுவனை மட்டும் யாசம நாயக்கர் தப்பவைத்தார். அந்தச் சிறுவன்தான் பின்னர் மன்னன் ஆனான். இவ்வளவு நடந்தும் கோட்டை இந்து அரசர்களிடமே இருந்தது.

பெரிய முறிவு 17ஆம் நூற்றாண்டின் நடுவில், பீஜப்பூர் சுல்தானின் படை கோட்டையைப் பிடித்தபோது வந்தது. 1677இல் சிவாஜியின் மராத்தியப் படை முற்றுகையிட்டு, ஓராண்டுக்கும் மேல் காத்திருந்து, 1678இல் கைப்பற்றியது. கோட்டைக்குக் கிழக்கே குன்றுகளின் மேல் உள்ள சிறு கோட்டைகளுக்குச் சஜ்ஜரா, கோஜ்ஜரா என்று மராத்தியர் வைத்த பெயர்கள் இன்றும் வழங்குகின்றன. 1707ஐ ஒட்டி முகலாயத் தளபதி தாவூத் கான். அடுத்து ஆர்க்காட்டு நவாபின் உறவினர்கள். 1760க்குப் பிறகு கிழக்கிந்தியக் கம்பெனி. ஆக, பூசை நின்ற காலத்தை 17ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து கணக்கிட்டால் சுமார் 330 ஆண்டு வரும். அதுவும் சிறிய காலம் இல்லை.

மதுரை, காஞ்சி, ஸ்ரீரங்கம் எல்லாமும் படையெடுப்பைக் கண்டவைதான். அங்கெல்லாம் பூசை மீண்டதே, வேலூரில் மட்டும் ஏன் இவ்வளவு காலம் மீளவில்லை? என் பதில்: அந்தக் கோயில்களைச் சுற்றி ஊர் இருந்தது. மாட வீதி, தேர் வீதி, சிவாசாரியார் வீடு, பூக்கட்டுகிறவர் வீடு, மடைப்பள்ளி ஆட்கள், மேளக்காரர். ஆட்சி மாறினாலும் அவர்கள் கோயிலை விட்டுப் போகவில்லை. போனாலும் திரும்பி வந்தார்கள். கோட்டைக் கோயிலுக்கு அந்த ஊர் கிடையாது. அதன் நான்கு பக்கமும் படைவீடு. ஒரே வாசல். வாசலில் காவல். படை மாறினால் அர்ச்சகருக்கே உள்ளே வழியில்லை. கொடை ஊர்களின் வருவாயும் புதிய ஆட்சியாளர் கைக்குப் போய்விடும். ஆளும் போய், நெல்லும் நின்றபின், இடிக்காமலே ஒரு கோயிலை நிறுத்திவிடலாம். வேலூரில் நடந்தது இதுதான். கட்டடத்துக்குப் பெரிய சேதமில்லை. அது படைக்குப் பயன்படும் கட்டடமாக மாறியது. வெள்ளைக்காரர் காலத்தில் கல்யாண மண்டபம் ஆயுதக் கிடங்கு.

இதற்கு நேர்மாறான நிலையைப் பினாங்கில் பாருங்கள். கார்ன்வாலிஸ் கோட்டைக்குள் கோயில் எழவில்லை. தமிழர்கள் கோட்டைக்கு வெளியே, நடந்து போகும் தூரத்தில், தங்கள் குடியிருப்புக்கு நடுவில் குயின் ஸ்திரீட்டில் மாரியம்மனை வைத்தார்கள். 1833இல் கோயிலாக எழுந்தது. அன்றிலிருந்து கொடி எத்தனை முறை மாறியது! கம்பெனி, பிரிட்டிஷ் முடியாட்சி, ஜப்பானியர், பிறகு விடுதலை. கோட்டையில் யார் இருந்தாலும் அம்மனுக்கு விளக்கு வைக்கத் தெருவில் ஆள் இருந்தது.

வேலூருக்கும் பினாங்குக்கும் இதைவிட நெருங்கிய தொடர்பு உண்டு. பினாங்குக் கோட்டை யாருடைய பெயரைத் தாங்கி நிற்கிறதோ, அதே கார்ன்வாலிஸ்தான் 1792இல் திப்பு சுல்தானின் இரண்டு பிள்ளைகளைப் பிணையாகப் பிடித்துச் சென்றவர். 1799இல் திப்பு வீழ்ந்தபின் அவர் குடும்பம் முழுவதும் வேலூர்க் கோட்டைக்குள் வைக்கப்பட்டது. இடையில் 1802இல், மருது சகோதரர்களின் போரில் பிடிபட்ட 73 பேர் பினாங்குக்கு நாடு கடத்தப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் சின்ன மருதுவின் மகன் துரைசாமி. தெற்கே எதிர்த்தவர்களைக் கடல் கடத்துவதும், அரச குடும்பத்தவரைக் கோட்டைக்குள் அடைப்பதும் ஒரே கம்பெனியின் இரண்டு கைகள்.

1806 சூலை 10ஆம் நாள் விடியும் முன் கோட்டைக்குள் இருந்த இந்தியச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்கள். முந்தைய ஆண்டு வந்த புதிய உடை விதிதான் உடனடிக் காரணம்: நெற்றியில் சமயக் குறி கூடாது, தாடி கூடாது, கடுக்கன் கூடாது, தலையில் தோல் குஞ்சம் வைத்த புதுத் தொப்பி. கோயில் கோபுரத்தின் நிழலில் குடியிருந்த சிப்பாயிடம் திருநீற்றையும் நாமத்தையும் அழி என்று சொன்னார்கள். ஆனால் அந்தக் கோபுரத்துக்குள் போய் முறையிட அவர்களுக்கு ஒரு சாமியும் இல்லை. 69ஆம் படைப்பிரிவின் வெள்ளை வீரர்கள் நூற்றுக்கும் மேல் கொல்லப்பட்டார்கள். ஆர்க்காட்டிலிருந்து ஆங்கிலத் தளபதி கில்லெஸ்பி குதிரைப்படையோடு விரைந்து வந்து அன்றே கோட்டையை மீட்டார். அதன்பின் சுமார் 350 சிப்பாய்கள் கொல்லப்பட்டார்கள். 1857க்கு அரை நூற்றாண்டு முன்பே நடந்த எழுச்சி இது. திப்புவின் பிள்ளைகள் பிறகு கல்கத்தாவுக்கு மாற்றப்பட்டார்கள்.

அடுத்து அதே கோட்டைக்கு வந்தவர் கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீவிக்கிரம ராஜசிங்கன், தமிழர்கள் கண்ணுசாமி என்று அழைப்பவர். 1816இல் கொண்டுவரப்பட்டு 1832இல் இறக்கும் வரை வேலூரில்தான் இருந்தார். பாலாற்றங்கரையில் முத்துமண்டபம் என்று அவர் நினைவிடம் இருக்கிறது. கோட்டைக்குள் 1846இல் புனித ஜான் தேவாலயம் எழுந்தது, மசூதியும் இருக்கிறது. 133 ஏக்கர் வளாகத்துக்குள் மூன்று சமயத்தின் கட்டடங்கள். இருந்தும் மிகப் பெரியதும் பழையதுமான கோயிலில் மட்டும் கருவறை வெறுமையாக இருந்தது.

லிங்கம் அழியவில்லை. வேலூரின் கிழக்குப் பகுதியில் இருக்கும் சத்துவாச்சாரியில், ஜலகண்ட விநாயகர் கோயிலில் அதை வைத்துப் பாதுகாத்தார்கள். அந்த விநாயகரின் பெயரே கதையைச் சொல்லிவிடுகிறது.

இங்கேதான் உங்கள் மூன்றாவது கேள்வி வருகிறது. இந்தியத் தொல்லியல் துறையின் நடைமுறை இப்படி: ஒரு கோயிலைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கும்போது அங்கே பூசை நடந்துகொண்டிருந்தால் அது தொடரலாம், இல்லையென்றால் புதிதாகத் தொடங்க அனுமதி கிடையாது. தஞ்சைப் பெரிய கோயிலில் பூசை நடப்பதும், மாமல்லபுரம் ரதங்களில் நடக்காததும் இந்த வேறுபாட்டினால்தான். வேலூர் கோட்டைக் கோயில் அறிவிக்கப்பட்டபோது வெறுமையாக இருந்தது. அதனால் சட்டத்தின் கண்ணில் அது சிற்பங்கள் உள்ள ஒரு பழைய கட்டடம், அவ்வளவே. ஊரார் எத்தனை மனுக் கொடுத்தாலும் விதி குறுக்கே நின்றது.

1981 மார்ச் 16, திங்கட்கிழமை, அந்த முடிச்சு அவிழ்ந்தது. சத்துவாச்சாரியிலிருந்த லிங்கத்தை ஊர்ப் பெரியவர்களும் பக்தர்களும் வெளியே தெரியாமல் லாரியில் ஏற்றிக் கோட்டைக்குள் கொண்டுவந்து கருவறையில் நிறுவிவிட்டார்கள். அன்றைய வடார்க்காடு மாவட்ட ஆட்சியர் கங்கப்பாவின் ஆதரவு அதற்கு இருந்தது. தொல்லியல் துறை எதிர்த்தது. ஆனால் ஆகம முறைப்படி நிறுவிய லிங்கத்தை மறுபடி பெயர்த்தெடுப்பது எந்த அதிகாரிக்கும் எளிதில்லை. கோட்டைக் கதவின் சாவி முதன்முறையாக ஊராரின் பக்கம் திரும்பியது என்று நான் இதைச் சொல்வேன். விதியைப் பார்த்தால் மீறல். கோயில் எதற்காகக் கட்டப்பட்டதோ அதைப் பார்த்தால் திருத்தம். இரண்டும் உண்மை. நான் ஊராரின் பக்கம்.

ஏனென்றால் மற்ற வழியில் போன கோயிலும் நம் கண்முன் இருக்கிறது. செஞ்சிக் கோட்டையின் அடிவாரத்தில் வேங்கடரமணர் கோயில் உண்டு. வேலூரைப் போலவே நாயக்கர் காலத்தது. பூசை நின்றபின் அதன் தூண்களைப் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரிக்குக் கொண்டுபோனார்கள். கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் உயர்ந்த கருங்கல் தூண்கள் செஞ்சியிலிருந்து வந்தவைதான். காவலுக்கு ஆள் இல்லாத கோயிலிலிருந்து முதலில் போவது தூண்.

இதற்காகச் சட்டத்தைப் பகையாகவும் நினைக்க வேண்டாம். சட்டப் பாதுகாப்பு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு மலேசியாவிலேயே சான்று உண்டு. கெடா மாநிலத்தில் பூஜாங் பள்ளத்தாக்கின் சண்டி (பழங்காலக் கோயிலின் எச்சம்) எண் 11, அரசிதழில் பதிவு செய்யப்படாத நிலத்தில் இருந்தது. 2013இல் அந்த நிலத்தைச் சீர்செய்தபோது அது இடிக்கப்பட்டுவிட்டது தெரியவந்தது. அதே பள்ளத்தாக்கில் மெர்போக் பக்கம் உள்ள புக்கிட் பத்து பஹாட் சண்டி, 1960இல் கல் கல்லாக அடுக்கி மீட்கப்பட்டு இன்றும் நிற்கிறது. அங்கே பூசை இல்லை. ஆனால் கல்லாவது இருக்கிறது.

வேலூரில் இப்போது நடைமுறை ஏற்பாடு இரண்டு பங்காக இருக்கிறது. விளக்கு, நைவேத்தியம், அபிஷேகம், திருவிழா எல்லாவற்றையும் ஒரு தனி அறக்கட்டளை பார்த்துக்கொள்கிறது. கல், கூரை, மதில், பழுதுபார்ப்பு தொல்லியல் துறையின் கையில். அதனால் நம் ஊர்க் கோயில்களில் வழக்கமாகக் காணும் பலவற்றை அங்கே எதிர்பார்க்காதீர்கள். உபயதாரர் பெயர் பொறித்த பளிங்குத் தரை போட முடியாது, தூணுக்கு வண்ணம் அடிக்க முடியாது, புதிய மண்டபம் கட்ட முடியாது. 2010இல் தொல்லியல் சின்னங்களுக்கான சட்டத்தைத் திருத்தியபின் சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதுக் கட்டுமானத்துக்குத் தடை. அதற்கப்பால் மேலும் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றே கட்டலாம். மலேசியாவிலிருந்து நன்கொடை தர விரும்புகிறவர்கள் கட்டடத் திருப்பணி என்று யோசிக்காமல், எண்ணெய், பூ, அன்னதானம் என்று பூசைச் செலவுக்குத் தருவதே பொருந்தும். மணலை வேகமாகப் பீய்ச்சிக் கல்லைச் ‘சுத்தம்’ செய்யும் வேலை பல கோயில்களில் கல்வெட்டு எழுத்துகளை மழுக்கிவிட்டது. வேலூர்த் தூண்கள் அதிலிருந்து தப்பியதற்கு இந்தக் கண்டிப்பே காரணம் என்று நினைக்கிறேன்.

இன்னும் தீராத தொல்லை ஒன்று உண்டு: தண்ணீர். கோயிலின் தரை தாழ்வானது, பக்கத்திலேயே அகழி. அகழியில் நீர் ஏறினால் மண்ணுக்கடியிலும் நீர்மட்டம் ஏறும். உபரி நீர் பாலாற்றுக்குப் போக முன்னோர் கால்வாய் வைத்திருந்தார்கள். அதன் மேல் நகரம் வளர்ந்து அடைத்துவிட்டது. 2021 நவம்பர் மழையில் அகழி நிரம்பிக் கோயிலுக்குள் வெள்ளம் புகுந்தது. வரும் வழியை அடைப்பதைவிட வெளியேறும் வழியைத் திறந்து வைப்பதே இதற்கு மருந்து. வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. மலேசியப் பள்ளி விடுமுறை ஆண்டிறுதியில் அமைந்தால், புறப்படுமுன் வேலூரின் மழை நிலவரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பயண ஒழுங்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோலாலம்பூரிலிருந்து சென்னைக்கு விமானத்தில் ஏறத்தாழ நான்கு மணி நேரம். சென்னையிலிருந்து வேலூர் சுமார் 140 கி.மீ.; காரில் இரண்டரை முதல் மூன்று மணி நேரம். ரயிலில் போனால் இறங்க வேண்டிய நிலையம் காட்பாடி. அங்கிருந்து ஆட்டோ அல்லது பேருந்து. ஆட்டோக்காரரிடம் வெறுமனே ‘கோயில்’ என்றால் உங்கள் பேச்சை வைத்து வெளியூர்க்காரர் என்று அறிந்து நேராக ஸ்ரீபுரத்துக்கு விட்டுவிடுவார். ‘கோட்டைக் கோயில்’ என்று அழுத்திச் சொல்லுங்கள். கோட்டையின் வாசல் கிழக்குப் பக்கம், ஊரைப் பார்த்தபடி இருக்கிறது. கோட்டைக்கோ கோயிலுக்கோ நுழைவுக் கட்டணம் இல்லை.

காலையில் கோட்டையை வையுங்கள். பதினோரு மணிக்கு மேல் பிராகாரக் கல் கொதிக்கும். வெறுங்காலோடு பிள்ளைகளும் பெரியவர்களும் நடக்க முடியாது. உச்சிக்குப் பிறகு நடை சாத்திவிட்டு மாலையில் திறப்பார்கள். திங்கட்கிழமையும் பிரதோஷமும் கூட்டம். சிற்பம் பார்ப்பதே நோக்கம் என்றால் மற்ற நாளில் போங்கள். அம்பாள் அகிலாண்டேஸ்வரி, தனிச் சந்நிதி. மாலையில் ஸ்ரீபுரம் போகலாம். வேலூருக்குத் தெற்கே சில கி.மீ. தொலைவுதான். 2007 ஆகஸ்ட் 24இல் குடமுழுக்குக் கண்ட அந்தக் கோயில் இரவு விளக்கொளியில்தான் முழு அழகு. அங்கே கைப்பேசிக்கும் கேமராவுக்கும் அனுமதி இல்லை. அரைக்கால் சட்டையும் கூடாது.

இடையில் ஒரு மணி நேரம் மிஞ்சினால் சத்துவாச்சாரி ஜலகண்ட விநாயகரைப் பார்த்துவிட்டுப் போங்கள். சிறிய கோயில்தான். சென்னையிலிருந்து வரும் நெடுஞ்சாலை அந்தப் பகுதி வழியாகத்தான் ஊருக்குள் வருகிறது. தனியாகச் சுற்ற வேண்டியதில்லை. முதலில் அங்கே இறங்கிக் கும்பிட்டு, பிறகு கோட்டைக்குப் போனால், 1981இல் லிங்கம் போன அதே திசையில் நீங்களும் போவீர்கள்.